கல் சரி, பித்தப்பை ஏன் சுருங்கவில்லை?

கேள்வி: எனக்கு 46 வயது. பித்தப்பையில் இரண்டு கல் இருக்கிறது. மரச்சீனிக் கிழங்கும் தேங்காய் அரைத்த சாளைக் குழம்பும் சாப்பிட்ட ராத்திரிகளில் வலது விலாவுக்குக் கீழே பிடித்து, தோள்பட்டை வரை வலி ஏறுகிறது. சாப்பிடும் முன்பும் பின்பும் ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு, பை சரியாகச் சுருங்கவில்லை என்கிறார்கள். அது ஏன் டாக்டர்? பயந்துபோய் எண்ணெயையே விட்டுவிட்டேன், காலைச் சாப்பாடும் கிடையாது. வாழைத்தண்டுச் சாறு குடிக்கிறேன்.
- வாசகி, தக்கலை

பதில்: நல்ல கேள்வி அம்மா, பலரும் கல்லைப் பற்றி மட்டும்தான் கேட்பார்கள். ஈரலில் ஊறும் பித்தநீரைச் சேர்த்துவைக்கும் சின்னத் தசைப்பைதான் பித்தப்பை. சாளையின் கொழுப்பும் தேங்காயும் சிறுகுடலின் தொடக்கத்துக்கு வந்ததும் அங்கிருந்து கோலிசிஸ்டோகைனின் என்ற ஹார்மோன் ரத்தத்தில் கலந்து, 'சுருங்கு' என்று பைக்குச் சொல்லும். கொலஸ்ட்ரால் கல் உள்ள பலருக்கு அந்த ஹார்மோன் வரத்தான் செய்கிறது, ஆனால் பித்தநீரில் மிஞ்சிய கொலஸ்ட்ரால் பையின் தசைச் செல்களின் சவ்வில் போய்ப் படிந்துவிடுவதால், சொன்னது தசைக்குச் சரியாக எட்டுவதில்லை. பை பாதிதான் காலியாகும், தேங்கிய பித்தநீரில் கல் இன்னும் வளரும்.

இதனால்தான் நீங்கள் பட்டினி கிடப்பது எனக்குக் கவலையாக இருக்கிறது. சாப்பாடு போகாவிட்டால் ஹார்மோனும் அதிகம் வராது, பை அப்படியே நிறைந்து கிடக்கும். வேகமாக எடை குறைப்பவர்களுக்குக் கல் வருவதற்கு இதுவும் ஒரு காரணம். பொரித்ததையும் கெட்டியான தேங்காய்க் குழம்பையும் குறையுங்கள், ஆனால் மூன்று வேளையும் நேரத்துக்குச் சாப்பிடுங்கள், கொஞ்சம் எண்ணெய் இருக்கட்டும்.

வாழைத்தண்டு நல்ல காய், பொரியல் வைத்துச் சாப்பிடுங்கள். பித்தப்பைக் கல்லை அது கரைக்காது. கரைக்கும் மாத்திரை ஒன்று உண்டு, ஆனால் சின்ன கொலஸ்ட்ரால் கல்லும் நன்றாகச் சுருங்கும் பையும் இருந்தால்தான் அது பலிக்கும். உங்களுக்கு அது ஒத்துவராது. வலியே இல்லாத கல்லை நான் சும்மா விட்டுவிடச் சொல்வேன். உங்களுக்கோ வலி திரும்பத் திரும்ப வருகிறது, அதனால் வயிற்றில் சின்னத் துளை போட்டுச் செய்யும் லேப்ராஸ்கோப்பி ஆபரேஷனில் பையை எடுத்துவிடுவதுதான் சரி. அப்புறம் பித்தநீர் ஈரலிலிருந்து நேரே குடலுக்குப் போய்விடும், சாளையும் சாப்பிடலாம்.

அதற்குள் குளிர்காய்ச்சலோ கண்ணில் மஞ்சளோ வந்தால், வலி சில மணி நேரமாகியும் விடாவிட்டால், விடியட்டும் என்று இருக்காதீர்கள். அன்றிரவே ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.