இலங்கையில் தொழில்நுட்பமும் சமூக மாற்றமும் அரசையும் வணிகத்தையும் உண்மையிலேயே மாற்றியுள்ளனவா?

மாற்றியுள்ளன, ஆனால் இரண்டையும் ஒரே அளவில் மாற்றவில்லை. கொழும்பில், புறக்கோட்டை மொத்த வியாபாரிகள் சிலருக்குக் கணக்கெழுதி வரிப் படிவங்களைச் சமர்ப்பித்துக் கொடுக்கும் சிறிய அலுவலகம் ஒன்றை நடத்துபவன் என்பதால், கடைக்கும் திணைக்களத்துக்கும் நடுவில் இருந்தே இவற்றைப் பார்க்கிறேன். வேலை விரைவாக முடிவதைத்தான் எல்லோரும் பேசுகிறார்கள். எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது, யாருடைய கணக்கு யார் கண்ணில் படுகிறது என்பதில் ஏற்பட்ட மாற்றம். வியாபாரியும் பொதுமகனும் அரசின் கண்ணுக்கு முன்னெப்போதையும்விடத் தெளிவாகத் தெரிகிறார்கள். அரசு அவர்கள் கண்ணுக்கு அந்த அளவுக்கு இன்னும் தெரியவில்லை.

முதலில் வணிகத்தை எடுத்துக்கொள்வோம். பிரதான வீதியிலும் கெய்சர் வீதியிலும் மொத்தமாகச் சரக்கெடுக்கும் வெளியூர்க் கடைக்காரர் முழுப் பணத்தையும் அன்றே கொடுப்பது அரிது. 30, 60, 90 நாள் தவணையில் பின்திகதியிட்ட காசோலைகளைக் கொடுத்துவிட்டுப் போவார்; மொத்த வியாபாரி அந்தக் காசோலைகளையே தமக்குச் சரக்குத் தந்தவரிடம் கைமாற்றி விடுவார். இந்தக் கடன் வலை முழுவதும், இன்னாருடைய காசோலை திரும்பாது என்ற அறிமுகத்தின் மீது நின்றது. அந்த அறிமுகமோ சாதி, ஊர், மதம், திருமண உறவு ஆகியவற்றின் வழியே வந்தது. யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ உள்ள வங்கிக் கிளையின் காசோலை தேறுவதற்குப் பல நாட்கள் பிடித்த காலத்தில், அறிமுகமில்லாதவருக்குக் கடன் கொடுப்பதை யாரும் புத்திசாலித்தனமாகக் கருதியதில்லை.

2006இல் காசோலையின் படத்தை அனுப்பித் தீர்வு செய்யும் முறையை, வங்கிகளுக்கிடையே காசோலைகளைத் தீர்த்துவைக்கும் லங்கா கிளியர் நிறுவனம் கொண்டுவந்தது. தெற்காசியாவில் அம்முறையை நாடளாவிய அளவில் முதலில் ஏற்படுத்திய நாடு இலங்கைதான். காசோலை தேறியதா திரும்பியதா என்பது மறுநாளே தெரியவரும் நிலை வந்ததும், புதியவரோடு சிறிய தொகையில் வியாபாரம் செய்து பார்க்கும் துணிவு பிறந்தது. 2015இல் வங்கிக்கு வங்கி உடனடியாகப் பணம் மாற்றும் வசதியும் வந்த பின்னர், முகமே தெரியாத ஒருவர் வட்ஸ்அப்பில் படத்தைப் பார்த்துத் தெரிவு செய்து, பணத்தை அனுப்பி, பஸ்ஸில் பொதியைப் பெற்றுக்கொள்வது வழக்கமாயிற்று. இப்படி வாங்குபவர்களில் வீட்டிலிருந்தபடியே உடை விற்கும் பெண்கள் கணிசமானோர். முந்தைய புறக்கோட்டையில் ஓர் ஆணின் துணையின்றி இவர்கள் கடன் கணக்குத் தொடங்கியிருக்கவே முடியாது. சமூக மாற்றம் என்று நீங்கள் கேட்பதற்கு என் கண்முன் உள்ள சான்று இதுதான். தொழில்நுட்பம் வாசலைத் திறந்தது, உள்ளே வந்தது அவர்களுடைய முயற்சி.

இதே வசதியைச் சில வியாபாரிகள் ஏன் ஒதுக்குகிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். மத்திய வங்கி 2018இல் கியூஆர் கொடுப்பனவுகளுக்குப் பொதுத் தரநிலை ஒன்றை வகுத்து, பின்னர் லங்காகியூஆர் முறையைப் பரப்பப் பலமுறை முயன்றது. கியூஆர் குறியீடு அச்சிட்ட அட்டை பல கடைகளின் மேசையில் இருக்கிறது. ஆனால் கேட்டால் "காசாகத் தாங்களேன்" என்பார்கள். வங்கி அறவிடும் கட்டணம் மிகச் சிறியது. உண்மையான தயக்கம் வேறு. பெறுமதி சேர் வரிக்குப் பதிவு செய்ய வேண்டிய ஆண்டு விற்பனை எல்லை 300 மில்லியன் ரூபாவாக இருந்து, 2022 ஒக்டோபரில் 80 மில்லியனாகவும் 2024 ஜனவரியில் 60 மில்லியனாகவும் இறக்கப்பட்டது. வரி வீதமும் 18 சதவீதமாக ஏறியது. கியூஆர் வழியாக வந்த ஒவ்வொரு ரூபாவும் வங்கிக் கூற்றில் நிற்கும் என்பதை அந்த எல்லைக்கு அருகில் உள்ள எந்த வியாபாரியும் மறப்பதில்லை. அதே மனிதர் கடன் கேட்டு வங்கிக்குப் போகும்போது, கணக்கில் ஓட்டமே இல்லையே என்று அதிகாரி உதட்டைப் பிதுக்குவார். என் அலுவலகத்தில் மிக நீண்ட உரையாடல்கள் இதைப் பற்றியே நடக்கின்றன: வரிக்குத் தெரியக்கூடாது, வங்கிக்குத் தெரிய வேண்டும். தந்தைமார் முதலாவதைப் பிடித்துக்கொள்கிறார்கள். கணக்கியல் படித்துவிட்டு வரும் பிள்ளைகள் இரண்டாவதைத் தெரிவு செய்கிறார்கள். வரி ஏய்ப்பை நான் நியாயப்படுத்தவில்லை. ஆனால் கட்டிய வரி எங்கே போனது என்பது தமக்குத் தெரியாதவரை தாம் மட்டும் ஏன் திறந்து காட்ட வேண்டும் என்று ஒரு வியாபாரி கேட்டால், அதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை.

முச்சக்கர வண்டிகளின் கதை ஊரறிந்தது. 2015இல் கைப்பேசியில் வாடகை வண்டி அழைக்கும் பிக்மீ செயலி வந்தது, ஆண்டு முடிவதற்குள் ஊபரும் வந்தது. ஏறுவதற்கு முன்பே கட்டணம் இரு தரப்புக்கும் தெரிந்தபோது பேரம் பேசும் தேவை குறைந்தது. நிறுவனம் எடுத்துக்கொள்ளும் பங்கைப் பற்றிய சாரதிகளின் மனக்குறை வேறு விடயம்.

அரசின் பக்கம் திரும்பினால், எல்லோரும் நினைவில் வைத்திருப்பது, வாராந்தப் பங்கைக் கியூஆர் குறியீட்டின் வழியே வழங்கிய 2022இன் எரிபொருள் அனுமதி அட்டை. நாடு கடனைத் திருப்பிச் செலுத்த இயலாது என்று அறிவித்து, நிரப்பு நிலையங்களுக்கு முன்னால் மக்கள் நாட்கணக்கில் காத்திருந்த வேளையில், தகவல் தொடர்பாடல் தொழில்நுட்ப முகவரகத்துடன் தனியார் மென்பொருளாளர்கள் ஊதியமின்றி இணைந்து அதை உருவாக்கினார்கள்; ஆகஸ்ட் 1ஆம் திகதி முதல் நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்தது. தொடக்கத்தில் மோட்டார் சைக்கிளுக்கு வாரத்துக்கு 4 லீற்றர், முச்சக்கர வண்டிக்கு 5, காருக்கு 20. முச்சக்கர வண்டி ஓட்டிப் பிழைப்பவருக்கு 5 லீற்றர் எந்த மூலைக்கும் போதாது என்பது உண்மை. பிறகு அளவைக் கூட்டினார்கள். ஆயினும் வரிசை குறைந்தது. எப்படிக் குறைந்தது என்பதைத்தான் கவனிக்க வேண்டும். அந்த முறையில் அமைச்சரின் சிபாரிசுக் கடிதத்துக்கும், "நாளைக்கு வாருங்கள்" என்று சொல்லும் எழுதுவினைஞருக்கும் இடமே இருக்கவில்லை. தமக்கு மிச்சமுள்ள அளவு எவ்வளவு என்பதைப் பாவனையாளர் தம் கைப்பேசியிலேயே கண்டார். எந்த நிலையத்தில் எவ்வளவு போனது என்பதை அரசு கண்டது. இரு தரப்பும் ஒரே கணக்கைப் பார்த்தன. அதனால்தான் அதை நம்பினார்கள், 2023 செப்டெம்பரில் அது நிறுத்தப்படும்வரை பொறுமையாகக் கடைப்பிடித்தார்கள்.

மற்றப் பல சேவைகளில் விண்ணப்பம் மட்டுமே இணையத்துக்கு ஏறியிருக்கிறது. கோப்பு பழைய அலுமாரியில் பழைய வரிசையிலேயே நகர்கிறது. விண்ணப்பித்தவருக்கு ஓர் இலக்கம் கிடைக்கும், அந்த இலக்கம் யாருடைய மேசையில் கிடக்கிறது என்பது கிடைக்காது. கடைசியில் தொலைபேசியில் ஆளைப் பிடிக்க வேண்டும். இதற்கு மாறான நல்ல உதாரணம், வீதிப் போக்குவரத்துத் தண்டம். முன்பெல்லாம் பொலிஸ் உத்தியோகத்தர் சாரதி அனுமதிப்பத்திரத்தை வாங்கிக்கொண்டு தண்டச் சீட்டைக் கொடுப்பார். தபாலகத்தில் பணம் கட்டி, பற்றுச்சீட்டுடன் பொலிஸ் நிலையம் போய் அதை மீட்க வேண்டும். ஒரு நாள் கூலி போய்விடும் என்பதால் அங்கேயே "பார்த்துக்கொள்ளும்" பழக்கம் வளர்ந்தது. 2025 பெப்ரவரியில் தொடங்கிய, அரசுக்கு இணையத்தில் பணம் செலுத்தும் கவ்பே தளத்தின் வழியே அந்த இடத்திலேயே தண்டத்தைச் செலுத்தி அனுமதிப்பத்திரத்தை வைத்துக்கொள்ளும் முறை அவ்வாண்டில் படிப்படியாக அறிமுகமானது. ஊழலைப் பற்றிய உபதேசங்கள் செய்யாததை, அந்த அலைச்சலை நீக்கியது செய்யக்கூடும்.

தரகர் ஒழிந்துவிடுவார் என்று எதிர்பார்த்தவர்களுக்கு ஏமாற்றம்தான். கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் போட்டோகொப்பி எடுக்கும் கொமியூனிகேஷன் கடைகள் இன்று அரசின் அறிவிக்கப்படாத கருமபீடங்களாக இருக்கின்றன. கடவுச்சீட்டு விண்ணப்பம், பொலிஸ் சான்றிதழ், வரி இலக்கம் எல்லாம் அங்கேதான் நிரப்பப்படுகின்றன. பிள்ளைகள் கனடாவிலோ லண்டனிலோ இருக்க, ஆங்கிலப் படிவத்தின் முன் தடுமாறும் முதியவருக்கு அந்தக் கடைப் பையன் செய்வது பெரிய உதவி. சில நூறு ரூபா வாங்குவதில் தவறும் இல்லை. ஆனால் அவருடைய அடையாள அட்டையின் இரு பக்கப் படங்களும், மின்னஞ்சலும், கடவுச்சொல்லும் அந்தக் கடைக் கணினியில் தங்கிவிடுகின்றன. கிராம உத்தியோகத்தர் தெரிந்துவைத்திருந்ததைவிட அதிகம் அந்தக் கணினிக்குத் தெரியும்.

அரசு நமக்குத் தெரிவது பற்றிச் சொல்வதானால், சட்ட அளவில் பெரிய அடி வைத்தாயிற்று. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரி 3ஆம் திகதி நடைமுறைக்கு வந்தது. 14 வேலை நாட்களுக்குள் முடிவைத் தெரிவிக்க வேண்டும். கட்டிட அனுமதி தாமதமான வாடிக்கையாளர் ஒருவருக்கு நான் எழுதிக் கொடுத்த ஒரு பக்க விண்ணப்பம், மாதக்கணக்கில் அவர் செய்த விசாரிப்புகள் சாதிக்காததைச் சாதித்தது. கணினியே தேவைப்படாத சீர்திருத்தம் அது என்பதையும் குறிப்பிட வேண்டும். மறுபக்கத்தில், 2023இல் அரச மின்னஞ்சல்கள் மீது நடந்த, தரவைப் பூட்டிக் கப்பம் கேட்கும் கணினித் தாக்குதலில் மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான கடிதப் போக்குவரத்து தொலைந்தது. அமைச்சரவை அலுவலகத்தின் கணக்குகளும் அதில் அடங்கும். அந்தக் காலத்துக்கு மீட்கத்தக்க பிரதி இருக்கவில்லை. தன் பதிவேட்டை இப்படிப் பேணும் ஒரு வியாபாரிக்கு இறைவரித் திணைக்களம் என்ன சொல்லும் என்று எண்ணிப் பாருங்கள். பொதுமக்களின் தரவைக் காக்கும் சட்டம் 2022இலேயே நிறைவேறியும், அதன் முக்கிய பிரிவுகள் 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வர வேண்டிய வேளையில் பிற்போடப்பட்டன.

இப்போது இந்திய நிதியுதவியுடன் தனித்துவ டிஜிட்டல் அடையாளத் திட்டம் தயாராகிறது. கைரேகை, கருவிழி, முகம் மூன்றும் ஒரே பதிவில் சேரும். அதை எதிர்க்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஒரே ஆவணத்தின் பிரதியைப் பத்து இடங்களில் உறுதிப்படுத்தி ஒப்படைக்கும் தொல்லை ஒழிந்தால் முதலில் மகிழ்பவன் நானாகத்தான் இருப்பேன். எஸ்டோனியாவில், தம் பதிவை எந்த அரச நிறுவனம் எப்போது திறந்து பார்த்தது என்பதைப் பொதுமகன் தானே இணையத்தில் பார்த்து, காரணம் கேட்க முடிகிறது. நீங்கள் கேட்ட மாற்றம் நடந்ததா என்பதை நான் அந்த வசதியை வைத்துத்தான் அளப்பேன்: பதிவைத் திறந்த கொழும்பு அதிகாரியின் பெயர் கொட்டாஞ்சேனைக்காரரின் கைப்பேசியில் தமிழில் தோன்றுமா என்று.