செட்டுக்கும் செட்டுக்கும் நடுவில்

கேள்வி: இரண்டு வருடமாக ஜிம் போகிறேன். வாரம் நான்கு நாள், தவறுவதே இல்லை. முதல் வருடம் நல்ல முன்னேற்றம் இருந்தது. ஆனால் ஏழெட்டு மாதமாக ஸ்குவாட்டில் (எடையைத் தோளில் சுமந்து உட்கார்ந்து எழும் பயிற்சி) 90 கிலோவைத் தாண்ட முடியவில்லை. முன்பு ஒரு மணி நேரத்தில் முடிந்த பயிற்சிக்கு இப்போது இரண்டு மணி நேரம் ஆகிறது. ஒரு செட்டுக்கும், அதாவது நிறுத்தாமல் செய்கிற ஒரு சுற்றுக்கும், அடுத்ததற்கும் நடுவில் போன் பார்ப்பதுதான் காரணம் என்கிறான் அங்கே வரும் என் நண்பன். "ஓய்வு நேரத்தில்தானே பார்க்கிறேன், அதில் என்ன தப்பு?" என்று அவனோடு சண்டையே போட்டுவிட்டேன். பாட்டு, டைமர், எடைக் குறிப்பு எல்லாம் போனில்தான். வீட்டில் அப்பாவுக்கு உடம்பு சரியில்லை, அவசரமென்றால் கூப்பிடுவார்கள். போனை லாக்கரில் வைத்துப் பூட்டத்தான் வேண்டுமா? அதனால் உண்மையிலேயே வித்தியாசம் வருமா?

பதில்: உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். இரண்டு முறையும் "ஓய்வு நேரத்தில்தானே பார்க்கிறேன்" என்ற வரியில் நின்றுவிட்டேன். எடையைத் தூக்கும் நேரம்தான் பயிற்சி, நடுவில் உட்கார்ந்திருப்பது சும்மா இருக்கும் நேரம் என்றுதான் ஜிம்முக்கு வருகிற பலரும் நம்புகிறார்கள். உங்கள் சிக்கல் தொடங்குவதே அங்கேதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

கனமான ஒரு ஸ்குவாட் செட்டை முடித்து பாரை (எடை மாட்டிய கம்பியை) ரேக்கில், அதாவது அதன் தாங்கியில், வைக்கிறீர்கள். தசைக்குள் உடனடிச் சக்தி தருகிற கிரியேட்டின் பாஸ்பேட் அப்போது வெகுவாகக் குறைந்திருக்கும். முதல் அரை நிமிடத்திலேயே அதில் ஏறக்குறைய பாதி திரும்பிவிடும். பெரும்பகுதி நிரம்ப மூன்றிலிருந்து ஐந்து நிமிடம் வேண்டும். நீங்கள் உட்கார்ந்திருக்கும்போது உடம்பு இந்த வேலையில்தான் இருக்கிறது. அதனால் நிதானமாக ஓய்வெடுப்பதைக் குற்றமாக நினைக்காதீர்கள். பிராட் ஷோன்ஃபெல்ட் என்ற ஆய்வாளரின் குழுவினர் 2016-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், ஏற்கெனவே பயிற்சியில் இருந்த இளைஞர்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு செட்டுகளுக்கு நடுவே 1 நிமிடமும் இன்னொன்றுக்கு 3 நிமிடமும் ஓய்வு கொடுத்தார்கள். 8 வாரம் கழித்துப் பார்த்தால், 3 நிமிடம் ஓய்வெடுத்தவர்களுக்குத்தான் பலமும் தசை வளர்ச்சியும் கூடுதல்.

சரி, அந்த மூன்று நிமிடமும் போன் பார்த்தால் என்ன? மூன்று நிமிடத்தில் நிறுத்த முடிந்தால் பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்துவிடும். ஆனால் ஒரு வீடியோ முடியும்போது அடுத்தது தானாக வந்து நிற்கிறது. உங்கள் செட் தயாராகிவிட்டது என்று அது சொல்லாது. ஒரு நாளைக்கு 20 செட் என்று வையுங்கள். செட்டுக்கு 3 நிமிடம் கூடினால் மொத்தம் 60 நிமிடம். உங்கள் ஒரு மணி நேரப் பயிற்சி இரண்டு மணி நேரமான கணக்கு அநேகமாக இதுதான்.

நேரம் போனதைக்கூட விடுங்கள். உங்கள் எடைக் குறிப்பை நம்ப முடியாமல் போகிறதே, அதுதான் எனக்குப் பெரிய இழப்பாகப் படுகிறது. போன வாரம் 90 கிலோவில் 5 ரெப் (ஒரு செட்டில் 5 முறை), இந்த வாரமும் 5 ரெப் என்று எழுதியிருப்பீர்கள். போன வாரம் அந்த செட்டுக்கு முன் 2 நிமிடம் ஓய்வெடுத்தீர்களா, 7 நிமிடமா? தெரியாதென்றால் அந்த இரண்டு எண்களையும் ஒப்பிடவே முடியாது. முன்னேறியிருக்கிறீர்களா, பின்வாங்கியிருக்கிறீர்களா என்பதே மறைந்துவிடும். ஏழெட்டு மாதத் தேக்கத்துக்கு என்ன காரணம் என்று கண்டுபிடிக்க உங்களிடம் நம்பகமான குறிப்பு இல்லை. போன் உங்களிடமிருந்து எடுத்துக்கொண்டதில் நான் முதலில் சொல்வது இதைத்தான்.

அடுத்தது மனசு. ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும்போது கவனத்தில் ஒரு பகுதி பழைய வேலையிலேயே தங்கிவிடுகிறது என்பதை சோஃபி லெராய் என்ற ஆய்வாளர் 2009-இல் எழுதினார். அவர் பார்த்தது அலுவலக வேலை மாதிரியான சூழலை. ஆனால் பாருக்குக் கீழே போய் நின்ற எவருக்கும் அது புரியும். யாரோ போட்ட கமென்டுக்குப் பதில் பாதி தட்டிவிட்டு வந்து நிற்கிறீர்கள். பாதம் தரையில் எப்படிப் பதிந்திருக்கிறது, மூச்சை வயிற்றில் இறுக்கிப் பிடித்தோமா, முழங்கால் உள்ளே சாய்கிறதா என்று பார்க்க வேண்டிய மனசு அந்தப் பதிலின் மீதியை எழுதிக்கொண்டிருக்கும். எடுத்துப் பார்க்காவிட்டாலும் நோட்டிஃபிகேஷன் வந்த சத்தமே கவனத்தைக் கெடுக்கிறது என்று 2015-இல் ஓர் ஆய்வு காட்டியது. அதனால் "போன் பக்கத்தில் இருக்கட்டும், தொட மாட்டேன்" என்பது போதாது.

இன்னொன்றையும் கேளுங்கள். சாமுவேலே மார்கோரா என்ற ஆய்வாளரின் குழுவினர் 2009-இல் செய்த பரிசோதனையில், 90 நிமிடம் மூளைக்குக் கடினமான வேலை கொடுத்த பிறகு சைக்கிள் மிதிக்கச் சொன்னார்கள். சாதாரண நாளில் சராசரியாக 754 நொடி தாக்குப்பிடித்தவர்கள் அன்று 640 நொடியில் நின்றுவிட்டார்கள். பிரேசிலில் செய்து 2021-இல் வெளிவந்த ஓர் ஆய்வு உங்கள் விஷயத்துக்கு இன்னும் நெருக்கமானது. பயிற்சிக்கு முன் அரை மணி நேரம் போனில் சமூக ஊடகம் பார்த்தவர்கள் ஸ்குவாட்டில் செய்த மொத்த வேலை குறைந்தது. ஒரே ஒரு முறை முழு பலத்தையும் போட்டுத் தூக்குவதை மனச் சோர்வு அவ்வளவாகப் பாதிப்பதில்லை. செட்டின் கடைசி இரண்டு மூன்று ரெப்பில், "போதும், வைத்துவிடலாம்" என்று தோன்றும் இடத்தில்தான் அது வேலையைக் காட்டுகிறது. தசை வளர அதிகம் உதவுவதும் அந்த ரெப்கள்தான். அதனால் ஜிம்முக்கு வரும் வழியிலும், உடை மாற்றும்போதும் ஸ்க்ரோல் செய்கிற பழக்கம் இருந்தால் அதையும் சேர்த்தே விடுங்கள்.

என் வாழ்க்கையில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். பல வருடங்களுக்கு முன், பெஞ்ச் பிரஸ் (படுத்தபடி எடையை நெஞ்சிலிருந்து மேலே தள்ளும் பயிற்சி) செய்துகொண்டிருந்த ஒருவர் என்னைப் பின்னால் நின்று பார்த்துக்கொள்ளச் சொன்னார். நின்றேன். ஒரு மெசேஜ் வந்தது, குனிந்து படித்தேன். நிமிர்ந்தபோது பார் அவர் நெஞ்சில் இறங்கி, எழாமல் கிடந்தது. இரண்டு மூன்று நொடிதான் இருக்கும். தூக்கிவிட்டேன், அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அந்த முகத்தை என்னால் மறக்க முடியவில்லை. அன்றிலிருந்து பயிற்சித் தளத்தில் என் கையில் போன் கிடையாது.

சமூக ஊடகத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நீங்கள் எழுதவில்லை, இருந்தாலும் கேட்கிறேன்: இந்த ஏழெட்டு மாதத்தில் எத்தனை முறை பயிற்சித் திட்டத்தை மாற்றினீர்கள்? இன்று ஒருவர் ஸ்குவாட்டே வேண்டாம் என்பார், நாளை இன்னொருவர் தினமும் செய் என்பார். இரண்டையும் மூன்று மூன்று வாரம் முயன்றால் எதுவும் பலன் தர நேரம் கிடைக்காது. ஒரு நல்ல திட்டம் குறைந்தது 8 முதல் 12 வாரம் தொடர்ந்தால்தான் அது உங்களுக்குப் பொருந்துகிறதா என்றே தெரியும். அப்புறம் படம் பிடிப்பது. எடை தூக்கும்போது உங்கள் உடம்பு சரியாக நிற்கிறதா என்று பார்க்க, பக்கவாட்டிலிருந்து ஒரு செட்டை வீடியோ எடுப்பது மிக நல்ல பழக்கம். அதை நான் தடுக்க மாட்டேன். எடுங்கள், ஒரு முறை பாருங்கள், வையுங்கள். பின்னால் நிற்பவர்களின் முகம் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பதிவிடுவதாக இருந்தால் வீட்டுக்குப் போன பிறகு செய்யுங்கள். பார்க்க ஆள் இருக்கிறது என்று தெரிந்தால் நாம் தூக்க வேண்டிய எடையை விட்டுவிட்டு, பார்ப்பவர்களுக்குப் பிடிக்கும் எடையைத் தேர்ந்தெடுக்கிறோம். இதில் காயப்பட்டவர்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

லாக்கரில் பூட்ட வேண்டுமா என்று கேட்டீர்கள். உங்கள் அப்பாவின் நிலையில் வேண்டாம். "தொந்தரவு செய்ய வேண்டாம்" அமைப்பைப் போட்டு, வீட்டு எண்களை மட்டும் விதிவிலக்காக வைத்துக்கொள்ளுங்கள். எல்லா ஸ்மார்ட்போனிலும் அந்த வசதி உண்டு. அந்த அழைப்பு மட்டும் மணி அடிக்கும், வேறெதுவும் வராது. வீட்டிலும் சொல்லிவையுங்கள்: அவசரமென்றால் மெசேஜ் வேண்டாம், கூப்பிடுங்கள். அந்த நிம்மதி இருந்தால் எடுத்துப் பார்க்கும் சாக்கும் போய்விடும். பாட்டுப் பட்டியலை முதலிலேயே ஓடவிட்டு போனைப் பையில் போட்டுவிடுங்கள். டைமருக்கு ஒரு சாதாரண கைக்கடிகாரம் போதும். எடைக் குறிப்புக்கு ஒரு சின்ன நோட்டும் பேனாவும் வாங்குங்கள். எடை, ரெப், அந்த செட்டுக்கு முன் எத்தனை நிமிடம் ஓய்வு என்று மூன்றையும் எழுதுங்கள். ஸ்குவாட், டெட்லிஃப்ட் (தரையிலிருந்து எடையைத் தூக்கி நிமிர்வது) போன்றவற்றுக்கு 3 நிமிடம், கனமான நாளில் 4 கூட எடுக்கலாம். கை, தோள் போன்ற சிறு பயிற்சிகளுக்கு 1 முதல் 2 நிமிடம் போதும்.

முதல் வாரம் சங்கடமாக இருக்கும். கை தானாகப் பையை நோக்கிப் போகும், மூன்று நிமிடம் முப்பது நிமிடம் மாதிரி நீளும். அந்த நேரத்தில் மெதுவாக நடங்கள், மூச்சை இறங்கவிடுங்கள், போன செட்டில் எது சரியில்லை என்று ஒரே ஒரு விஷயத்தை மட்டும் யோசியுங்கள்.

8 வாரம் இப்படிச் செய்தும் 90 கிலோ அசையவில்லை என்றால், காரணம் வேறு. தூக்கம், சாப்பாடு, திட்டம் மூன்றையும் பார்க்க வேண்டும். அப்போது கையில் நல்ல குறிப்பு இருக்கும், எனக்கு அதை அனுப்புங்கள். படுக்கையிலும் போன் பார்ப்பவராக இருந்தால் தூக்கத்திலிருந்தே தொடங்கலாம்.

அந்த நண்பனோடு சமாதானமாகிவிடுங்கள். ஸ்குவாட் நாளில் ஒரே ரேக்கில் இருவரும் மாறி மாறிச் செய்யுங்கள். அவர் செட் முடித்து, தட்டுகளை மாற்றி, உங்கள் முறை வரும்போது கிட்டத்தட்ட மூன்று நிமிடம் ஆகியிருக்கும். அவர் பாருக்குக் கீழே இருக்கும்போது நீங்கள் பின்னால் நின்று அவரைப் பாருங்கள். உங்கள் முறையில் அவர் உங்களைப் பார்க்கட்டும்.