துவர்ப்பு தெரிந்த நாக்கு: ஆஸ்திரேலிய ஒயின் பற்றி வாசகர் கேள்விகள்

கேள்வி: சிட்னிக்குக் குடிவந்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. அலுவலக விருந்துகளில் உடன் பணிபுரிவோர் ஒயினை முகர்ந்துவிட்டு பிளாக்பெர்ரி, தேவதாரு, புகையிலை என்று அடுக்குகிறார்கள். எனக்குப் புளிப்பும் தொண்டை எரிவும் தவிர வேறொன்றும் தெரிவதில்லை. என் நாக்கில் குறையா? எங்கிருந்து தொடங்குவது?
— வாசகர், பாராமட்டா

பதில்: நாக்கில் குறை இல்லை. பிளாக்பெர்ரியைப் பறித்துத் தின்று வளராத ஒருவருக்கு ஒயினில் மட்டும் அது எப்படித் தட்டுப்படும்? அவர்கள் தங்கள் தோட்டத்து நினைவிலிருந்து பேசுகிறார்கள். நீங்கள் உங்கள் நினைவிலிருந்து பேசலாம். கேபர்னே சாவின்யோன் என்னும் சிவப்பு ஒயினை இளமையில் குடித்துவிட்டு ‘நாவற்பழம்’ என்று நீங்கள் சொன்னால், அது அவர்கள் சொல்வதைவிடத் துல்லியமாகவே இருக்கக்கூடும். ஏனென்றால் நாவற்பழத்தில் நிறமும் இனிப்பும் மட்டுமல்ல, துவர்ப்பும் இருக்கிறது.

அந்தத் துவர்ப்பிலிருந்துதான் நீங்கள் தொடங்க வேண்டும் என்பேன். திராட்சையின் தோலிலும் விதையிலும் உள்ள டானின் என்னும் பொருள் எச்சிலில் உள்ள புரதங்களோடு பிணைந்து வாயை உலர்த்துகிறது. ஆங்கிலத்தில் இதை விளக்கச் சுவைப்பு வகுப்புகளில் ஆறிப்போன கடுந்தேநீரைக் குடிக்கச் சொல்வார்கள். கொட்டைப்பாக்கும் வாழைப்பூவும் நெல்லிக்காயும் அறிந்த நமக்கு அந்தப் பாடமே வேண்டாம். அறுசுவையில் ஒன்றாக அதை எண்ணிப் பழகியவர்கள் நாம். (இன்றைய அறிவியல் அதைச் சுவையாகக் கொள்ளாமல் தொடுவுணர்வாகக் கொள்கிறது என்பது வேறு செய்தி.) புளிப்பு வாயில் நீரை ஊற வைக்கும், துவர்ப்பு வாயை வறள வைக்கும். இந்த இரண்டையும் பிரித்தறிந்துவிட்டால் பாதி வழி கடந்தாயிற்று.

அதற்கு ஒரே மாலையில் இரண்டு கிண்ணங்கள் தேவை. ஒன்றில் தெற்கு ஆஸ்திரேலியாவின் கிளேர் பள்ளத்தாக்கிலிருந்து வரும் ரீஸ்லிங் என்னும் வெள்ளை ஒயின். மற்றொன்றில் அதற்குத் தெற்கே உள்ள பரோசா பள்ளத்தாக்கின் ஷிராஸ் என்னும் சிவப்பு ஒயின். முதலாவது எலுமிச்சையை ஒத்த புளிப்பு. துவர்ப்பு ஏறக்குறைய இல்லை. இரண்டாவதில் பழமும் துவர்ப்பும் கனமும் இருக்கும். புளிப்பு பின்னணியில் நிற்கும். கிண்ணத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஊற்றாதீர்கள். மெல்லச் சுழற்றி முகருங்கள். சிறு மிடறு எடுத்து வாய் முழுவதும் பரவவிட்டு, விழுங்கியபின் மூக்கு வழியே மூச்சை வெளிவிடுங்கள். பழவாசனை என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி தொண்டைக்குப் பின்புறமாக மூக்கை அடைந்தே உணரப்படுகிறது. சளி பிடித்த நாளில் எந்த உணவும் ருசிக்காததற்கும் இதுவே காரணம்.

தொண்டை எரிவு பற்றி ஒரு சந்தேகம். சிவப்பு ஒயினை ‘அறை வெப்பத்தில்’ பரிமாற வேண்டும் என்பது குளிர்ந்த ஐரோப்பிய வீடுகளில் பிறந்த வழக்கம். ஜனவரி மாதத்து மேற்குச் சிட்னியில் அறை வெப்பம் என்பது 28 பாகையாகக்கூட இருக்கலாம். அந்நிலையில் முதலில் மூக்கைத் தாக்குவது ஆல்கஹால்தான். சிவப்பு ஒயினைக் குளிர்பதனப் பெட்டியில் ஏறத்தாழ ஒரு மணி நேரம் வைத்து 16 முதல் 18 பாகைக்குக் கொண்டுவந்து பாருங்கள். வெள்ளை ஒயினுக்கு இதற்கு நேர்மாறானது பொருந்தும். பெட்டியிலிருந்து எடுத்த உடனே குடித்தால் குளிர் வாசனையை அடக்கிவிடும்.

கேள்வி: ஒரே ஷிராஸ் திராட்சை என்கிறார்கள். ஆனால் பரோசாவின் ஷிராஸ் பழக்கூழ் போலக் கெட்டியாக இருக்கிறது. விக்டோரியாவின் கிராம்பியன்ஸ் பகுதியிலிருந்து வந்த புட்டியோ மெலிந்து, மிளகு தூவியதுபோல் இருந்தது. என் கணவருக்கு அந்த மிளகே தெரியவில்லை. யார் சொல்வது சரி?
— வாசகி, மெல்பர்ன்

பதில்: இருவருமே சரி. அந்த மிளகு கற்பனை இல்லை. ரோட்டண்டோன் என்னும் ஒரு வேதிப்பொருள்தான் மிளகுக்கு அதன் மணத்தைத் தருகிறது. அதே பொருள் ஷிராஸ் திராட்சையின் தோலிலும் உருவாகிறது என்பதை அடிலெய்டில் உள்ள ஆஸ்திரேலிய ஒயின் ஆராய்ச்சி நிறுவனத்தார் கண்டறிந்தார்கள். மெதுவாகப் பழுக்கும் குளிர்ந்த பகுதிகளில் அது மிகுதியாகச் சேர்கிறது; வெயில் காயும் இடங்களில் குறைகிறது. இதில் வியப்பு என்னவென்றால், ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு அந்த மணம் முகர்வில் பதிவதே இல்லை. உங்கள் கணவர் அந்த ஒருவராக இருக்கலாம். ரசத்தில் மிளகின் காரத்தை அவர் உணர்வார், அது வேறு பொருளின் வேலை. அதன் மணத்தைத்தான் தவறவிடுகிறார்.

பரோசாவின் கனத்துக்கு வெயில் மட்டும் காரணமன்று. 1842 முதல் அங்கே குடியேறிய, சைலீசியாவிலிருந்து வந்த லூத்தரன் குடும்பங்கள் நட்ட கொடிகளுள் சில இன்றும் காய்க்கின்றன. 1877-இல் விக்டோரியாவின் ஜீலாங் பகுதியில் தென்பட்டு அம்மாநிலத் தோட்டங்கள் பலவற்றை அழித்த ஃபிலாக்சரா என்னும் வேர்ப்பூச்சி தெற்கு ஆஸ்திரேலியாவுக்குள் நுழையவில்லை. மண்ணும் செடியும் எல்லை தாண்டுவதற்கு அம்மாநிலம் இன்றுவரை கடுமையான கட்டுப்பாடு வைத்திருக்கிறது. முதிர்ந்த கொடி குறைவாகக் காய்க்கும். காய்ப்பது செறிவாக இருக்கும் என்பது அங்குள்ள உழவர்களின் நம்பிக்கை. இதோடு அமெரிக்க ஓக் பீப்பாயில் ஊறவைக்கும் பழைய வழக்கமும் சேர்ந்து, வெனிலாவும் தேங்காயும் கலந்த இனிய மணத்தைக் கொடுக்கிறது. இந்த முறையின் உச்சம் பென்ஃபோல்ட்ஸ் நிறுவனத்தின் கிரேஞ்ச். அதை 1951-இல் சோதனையாகத் தொடங்கிய மேக்ஸ் ஷூபர்ட் என்பவரை, இளம் ஒயினைச் சுவைத்து முகம் சுளித்த நிர்வாகம் 1957-இல் நிறுத்தச் சொன்னது. அவர் மறைவாகத் தொடர்ந்தார். முதல் புட்டிகள் முதிர்ந்து தங்கள் தரத்தைக் காட்டியபின் 1960-இல் அனுமதி திரும்பியது.

என் விருப்பத்தைக் கேட்டால், தனியாகக் குடிக்கக் கிராம்பியன்ஸையே எடுப்பேன். பரோசாவின் இரண்டாம் கிண்ணம் எனக்குப் பெரும்பாலும் அதிகப்படியாகிவிடுகிறது.

கேள்வி: குனவாராவிலிருந்து வந்த ஒரு கேபர்னேவில் அசல் நீலகிரித் தைலத்தின் வாசனை அடித்தது. ஏதேனும் கலந்திருப்பார்களா?
— வாசகர், அடிலெய்ட்

பதில்: கலக்கவில்லை, காற்று கொண்டுவந்து சேர்த்தது. நீலகிரியில் தைலம் வடிக்கப்படும் மரமே ஆஸ்திரேலியாவிலிருந்து பத்தொன்பதாம் நூற்றாண்டில் அங்கே கொண்டுபோய் நடப்பட்டதுதான். திராட்சைத் தோட்டத்தை ஒட்டி யூக்கலிப்டஸ் மரங்கள் நிற்கும்போது அவற்றின் எண்ணெய் ஆவி பழத்தின் தோலில் படிகிறது; இயந்திரம் அறுவடை செய்யும்போது சில இலைகளும் பழத்தோடு சேர்ந்துவிடுகின்றன. மரங்களுக்கு அருகிலுள்ள கொடிவரிசைகளில் இந்த மணம் மிகுந்திருப்பதை ஆராய்ச்சியும் காட்டியிருக்கிறது. சிவப்பு ஒயின் தோலோடு சேர்த்துப் புளிக்கவைக்கப்படுவதால் மணம் அதில் தங்குகிறது. தோலை முன்பே நீக்கிவிடும் வெள்ளை ஒயினில் அவ்வளவாகத் தெரிவதில்லை. சிலர் இதை அந்த மண்ணின் முத்திரை என்று போற்றுகிறார்கள். வேறு சிலர் குறை என்கிறார்கள். தலைவலிக்கு நெற்றியில் பூசிய நினைவு குறுக்கிடுவதால் எனக்கு இதில் நடுநிலைமை வாய்க்கவில்லை.

கேள்வி: நண்பர் ஒருவர் 2012-ஆம் ஆண்டின் ஹன்டர் பள்ளத்தாக்கு செமியோன் ஒன்றைக் கொடுத்தார். வெள்ளை ஒயின் இத்தனை ஆண்டுகள் தாங்குமா? மூடியும் தக்கையாக இல்லை, சோடா புட்டியின் திருகு மூடி போல இருக்கிறது.
— வாசகர், நியூகாசில்

பதில்: நண்பரை விட்டுவிடாதீர்கள். பெரும்பாலான வெள்ளை ஒயின்கள் இரண்டு மூன்று ஆண்டுகளுக்குள் குடிக்க வேண்டியவை என்பது உண்மையே. ஹன்டர் செமியோன் அந்த விதிக்கு அடங்காதது. அப்பகுதியில் அறுவடைக் காலத்து மழை பழத்தைக் கெடுத்துவிடும் என்பதால் சர்க்கரை ஏறுமுன்பே பறித்துவிடுகிறார்கள்; அதனால் ஆல்கஹால் 10 அல்லது 11 சதவீதத்தில் நின்றுவிடுகிறது, புளிப்பு கூர்மையாக இருக்கிறது. இளமையில் அதைக் குடித்தால் எலுமிச்சை பிழிந்த தண்ணீர் போலத்தான் இருக்கும். பத்தாண்டு கழிந்தால் நிறம் பொன்னாகி, வாட்டிய ரொட்டியும் தேனும் மணக்கத் தொடங்கும். பீப்பாயில் வைத்தார்கள் என்றே புதியவர்கள் நினைப்பார்கள். மரம் தொடாத ஒயின் அது, எல்லாம் புட்டிக்குள்ளேயே நடந்த மாற்றம். கிளேர், ஈடன் பள்ளத்தாக்குகளின் ரீஸ்லிங்கும் இவ்வாறே முதிரும். அதில் மட்டும் மண்ணெண்ணெய் வாடை ஒன்று எழும். நியாயவிலைக் கடை வரிசையில் தகரக் குவளையோடு நின்றவர்களுக்கு அதை அடையாளம் காண எந்தப் பயிற்சியும் தேவைப்படாது.

திருகு மூடி மலிவின் அடையாளம் அன்று. தக்கையில் உருவாகும் ஒரு வேதிப்பொருள் சில புட்டிகளில் நனைந்த அட்டைப்பெட்டியின் நாற்றத்தை ஏற்றிவிடுகிறது. அதில் சலித்துப்போன கிளேர் பள்ளத்தாக்கின் தயாரிப்பாளர்கள் பலர் 2000-ஆம் ஆண்டின் ரீஸ்லிங்கைத் திருகு மூடியில் அடைக்கக் கூட்டாக முடிவெடுத்தார்கள். இன்று ஆஸ்திரேலியாவின் மிகச் சிறந்த வெள்ளை ஒயின்கள்கூட அப்படித்தான் வருகின்றன. உங்கள் புட்டியை அடுப்பங்கரை அலமாரியில் மட்டும் வைக்காதீர்கள். இருட்டும் மாறாத குளிர்ச்சியும் உள்ள இடம் வேண்டும்.

கேள்வி: வார இறுதியில் நான்கைந்து ஒயின் ஆலைகளில் சுவைத்துவிட்டு நானே காரோட்டித் திரும்பலாமா?
— வாசகர், பெர்த்

பதில்: வேண்டாம். 25 மி.லி. வீதம் நான்கு ஒயின்களை விழுங்கினாலே 100 மி.லி. ஆகிவிடும், 13 சதவீத ஒயினில் அது 10 கிராம் ஆல்கஹால், அதாவது இந்நாட்டுக் கணக்கில் ஒரு ‘ஸ்டாண்டர்ட் டிரிங்க்’. இதை ஐந்து ஆலைகளால் பெருக்கிக்கொள்ளுங்கள். முழு உரிமம் பெற்றவருக்கு இரத்தத்தில் ஆல்கஹால் 0.05 சதவீதம் என்பது வரம்பு. பழகுநர் உரிமத்துக்குப் பூஜ்யம். சுவைமேடையில் இருக்கும் துப்பும் பாத்திரம் அலங்காரப் பொருளன்று. ஒயின் தயாரிப்பவர்களே அதில்தான் துப்புகிறார்கள், யாரும் அதை அவமதிப்பாக எடுத்துக்கொள்வதில்லை. அதை நம்பியும் காரோட்டாதீர்கள்; குடிக்காத ஒருவரை உடன் அழைத்துச் செல்லுங்கள்.

கேள்வி: மார்கரெட் ரிவரின் விலையுயர்ந்த கேபர்னேவை வீட்டில் ஆட்டுக்கறிக் குழம்போடு திறந்தேன். இரண்டும் கெட்டன. நம் சமையலுக்கு எந்த ஒயினுமே ஒத்துவராதா?
— வாசகர், பிரிஸ்பன்

பதில்: மிளகாயின் எரிவை ஆல்கஹால் மேலும் கிளறிவிடுகிறது, துவர்ப்பு அதன்மேல் வறட்சியைச் சேர்க்கிறது. குழம்பில் புளி இருந்தால், அதைவிடப் புளிப்புக் குறைந்த எந்த ஒயினும் சப்பென்று ஆகிவிடும். ஆகவே மூன்றும் உங்களுக்கு எதிராக நின்றன. அந்தக் கேபர்னேவைக் காரமில்லாமல் சுட்ட ஆட்டிறைச்சிக்கு வைத்துக்கொள்ளுங்கள். மீன் குழம்புக்குச் சற்றே இனிப்பு மிச்சமுள்ள ரீஸ்லிங்கைக் குளிரக் குளிரப் பரிமாறுங்கள். மிளகு போட்டு வறுத்த கறிக்குக் குளிர்ப்பகுதி ஷிராஸ் பொருந்தும். காரமான பிரியாணிக்கு நான் பரிந்துரைப்பது நுரைக்கும் ஷிராஸ். சிவப்பாகவும் குளிர்ச்சியாகவும் இலேசான இனிப்போடும் இருக்கும் இந்த வகை ஆஸ்திரேலியாவுக்கே உரியது, கிறிஸ்துமஸ் விருந்தில் இங்குள்ளோர் விரும்பித் திறப்பது. தயிர்சாதத்துக்கு எதையும் தேட வேண்டாம்.

கேள்வி: எனக்கு இனிப்பு ஒயின் மட்டுமே பிடிக்கிறது. தெரியாதவர்கள்தான் இனிப்பைக் கேட்பார்கள் என்று தோழிகள் கேலி செய்கிறார்கள்.
— வாசகி, கான்பெரா

பதில்: வடகிழக்கு விக்டோரியாவின் ரதர்க்ளென் மஸ்கட்டை அவர்கள் சுவைத்ததில்லை போலும். பழுப்பு மஸ்கட் திராட்சையைக் கொடியிலேயே சுருங்கவிட்டுப் பறித்து, புளித்தல் முடிவதற்கு வெகுமுன்பே திராட்சைச் சாராயத்தைச் சேர்த்து நிறுத்துகிறார்கள். சர்க்கரை அப்படியே தங்கிவிடுகிறது. பிறகு வெப்பமான கொட்டகைகளில் பழைய பீப்பாய்களில் ஆண்டுக்கணக்கில் கிடந்து, ஆவியாகிக் குறுகி, பாகுபோல் ஆகிறது. முதிர்ச்சியின்படி ரதர்க்ளென், கிளாசிக், கிராண்ட், ரேர் என்று நான்கு படிகள் வைத்திருக்கிறார்கள். முதற்படியில் உலர்திராட்சையும் ரோஜாவும் தெரியும். ரேர் என்னும் கடைசிப்படி ஏறக்குறையக் கறுத்திருக்கும், அதில் என் மூக்குக்குப் பேரீச்சையும் காய்ச்சிய கருப்பட்டியும் தெரிகின்றன. கிளாசிக்கிலிருந்து தொடங்குங்கள்; விலைக்கும் சுவைக்கும் அதுவே நல்ல பொருத்தம். ஆல்கஹால் 17 சதவீதத்துக்கு மேல் இருப்பதால் சிறு கிண்ணத்தில் ஐம்பது மி.லி. போதும். திறந்த புட்டி சில வாரங்கள் கெடாமல் இருக்கும், ஆகையால் ஒரே இரவில் தீர்க்க வேண்டிய கட்டாயம் இல்லை.