அண்ணாச்சி கடையில் எப்படிக் கேட்கிறீர்கள்?

மளிகைக் கடைகளில் விற்கும் பொருள்களுக்கான மார்க்கெட்டிங் வேலையில் இருபது ஆண்டுகளைக் கடந்தவர், வடசென்னையில் பழைய வண்ணாரப்பேட்டையில் வசிப்பவர், இந்த இதழில் வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.

பிராண்டு என்றால் லோகோவும் விளம்பரமும்தானே? பாடப் புத்தகம் இரண்டு பக்கம் விளக்குகிறது. எளிமையாகச் சொல்ல முடியுமா?
பி.பி.ஏ. மாணவி, தண்டையார்பேட்டை

ஒருநாள் மெட்ரோவில் ஏறி வடக்குக் கோடி வரை போய் வாம்மா. கடைசி இரண்டு நிலையங்களின் பெயரிலும் விம்கோ நகர் இருக்கும். தீப்பெட்டி செய்த வெஸ்டர்ன் இந்தியா மேட்ச் கம்பெனியின் சுருக்கம் அது. அந்தத் தீப்பெட்டியைக் கையால் தொட்டிராத பிள்ளைகள் அந்தப் பெயரைச் சொல்லி டிக்கெட் எடுக்கிறார்கள். பெரம்பூர் பக்கம் பின்னி மில் 1996-ல் மூடியாயிற்று. இன்றும் ஆட்டோவில் ‘பின்னி மில்’ என்றால் போதும். திருவொற்றியூரையே எடுத்துக்கொள். 1946-ல் கே.எம். மாம்மன் மாப்பிள்ளை என்பவர் ஒரு கொட்டகையில் பொம்மை பலூன் செய்யத் தொடங்கினார், அதுதான் டயர் கம்பெனி எம்.ஆர்.எஃப். ஆனது. 1955-ல் அதே ஊரில் புல்லட் பைக் செய்யும் என்ஃபீல்டு தொழிற்சாலை வந்தது. பழைய புல்லட் தெருமுனையில் திரும்பும்போதே, வீட்டுக்குள் இருக்கும் பாட்டி ‘புல்லட் வருது’ என்பார். எந்த லோகோவைப் பார்த்தார்?

நான் வைத்திருக்கும் சோதனை ஒன்றுதான். ‘ஒரு சோப்பு குடுங்க’ என்று கேட்டால் அங்கே பிராண்டு கிடையாது. பெயர் சொல்லிக் கேட்டு, ‘அது இல்லம்மா, இது நல்லா இருக்கும்’ என்று அண்ணாச்சி வேறொன்றை நீட்ட, அதை வாங்காமல் அடுத்த கடைக்கு நடக்கிறாரே ஒருவர், அந்த நடையில் இருக்கிறது பிராண்டு.

வீட்டில் இட்லிப் பொடி, பருப்புப் பொடி அரைத்து விற்கிறேன். தெருவில் நல்ல பெயர். கடைகளில் வைத்தால் நகரவில்லை. 5 ரூபாய் பாக்கெட் போடச் சொல்கிறான் தம்பி. போடலாமா?
இல்லத்தரசி, கொருக்குப்பேட்டை

தம்பி சொல்வதற்குப் பின்னால் நம் ஊர் வரலாறு இருக்கிறது. பாக்கெட் ஷாம்புக்கு வழிபோட்டவர்களில் முக்கியமானவர் கடலூர் சின்னி கிருஷ்ணன். அவர் மகன் சி.கே. ரங்கநாதன் 1983-ல் 15,000 ரூபாயோடு தனியாகக் கிளம்பி சிக் ஷாம்பைக் கொண்டுவந்தார். எந்தக் கம்பெனி ஷாம்பாக இருந்தாலும் ஐந்து காலி பாக்கெட் கொடுத்தால் ஒரு சிக் பாக்கெட் இலவசம் என்றார். பிறகு சிக் காலி பாக்கெட்டுக்கு மட்டும்தான் என்று மாற்றினார். வாங்கிப் பழகியவர்கள் அதற்குள் பெயர் சொல்லிக் கேட்கத் தொடங்கியிருந்தார்கள்.

ஆனால் ஷாம்பு ஒரு தலைக்குளியலோடு தீர்ந்துவிடும். பொடி அப்படி இல்லை, சம்படத்தில் கொட்டி வாரக்கணக்கில் வைத்துச் சாப்பிடுவது. 5 ரூபாய் பாக்கெட்டில் கவருக்கும் சீலுக்கும் கடைக்காரர் மார்ஜினுக்கும் போக உள்ளே பொடிக்கு என்ன மிஞ்சும்? இப்போதைக்கு 100 கிராம், 200 கிராம் போதும். ஹாஸ்டல், மேன்ஷன் பிள்ளைகள் கேட்டால் அப்போது சின்ன பாக்கெட்டைப் பற்றி யோசிக்கலாம்.

அதைவிட முக்கியமாக, விலையில் உங்கள் கூலியைச் சேர்த்தீர்களா அக்கா? வறுத்த நேரம், அரைத்த நேரம், வெயிலில் காயவைத்துக் காவல் இருந்த நேரம் எல்லாவற்றுக்கும் காசு உண்டு. வீட்டில் செய்கிற பெண்கள் பருப்பு விலையையும் மிளகாய் விலையையும் கூட்டி, மேலே கொஞ்சம் வைத்து விற்கிறார்கள். நாளைக்கு ஆர்டர் பெருகி உதவிக்கு ஆள் வைத்தால், அவருக்குக் கொடுக்கச் சம்பளம் எங்கிருந்து வரும்?

கடைக்கு ஐந்தாறு பாக்கெட்டுக்கு மேல் வைக்காதீர்கள். வாராவாரம் அதே கிழமையில் போங்கள். பழைய பாக்கெட்டைக் கடைக்காரர் சொல்லும் முன்பே நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள். சிக்கு வாடை அடிக்கும் ஒரு பாக்கெட், தெரு முழுக்கச் சம்பாதித்த பெயரைத் தின்றுவிடும். மிளகாயைக் கண்ணளவில் போடாமல் நிறுத்துப் போடுங்கள். இந்த மாதம் குண்டு, அடுத்த மாதம் நீட்டு என்று மாற்றவும் வேண்டாம். உணவுப் பாதுகாப்புக்கான மத்திய அமைப்பு எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.-யில் பதிந்து, அந்த 14 இலக்க எண்ணை லேபிளில் போடுங்கள். எடை, விலை, அரைத்த தேதி, பச்சைப் புள்ளி எல்லாம் இருக்கட்டும்.

சேல்ஸில் இருக்கிறேன். மார்க்கெட்டிங் பக்கம் போக ஆசை. ஆங்கிலம் தடுமாறுகிறது.
வாசகர், வியாசர்பாடி

ஆங்கிலம் வேண்டும் தம்பி. தினமும் பேசிப் பழகினால் வந்துவிடும். எந்தக் கடைக்காரர் வெள்ளிக்கிழமை காசு எடுத்துத் தரமாட்டார், எந்தச் சலுகை ஸ்கீம் கடைக்காரரோடு நின்றுபோய் வாங்குபவருக்கு எட்டவே இல்லை என்பதெல்லாம் லைனில் கடை கடையாக ஏறி இறங்கிய உங்களுக்குத்தான் தெரியும். அதை எழுதி வைத்து, நேர்காணலில் அதையே பேசுங்கள்.

நீங்கள் விடாமல் வைத்திருக்கும் வேலைப் பழக்கம்?
பள்ளி ஆசிரியர், பெரம்பூர்

எம்.சி. ரோட்டுக்குப் பின்தெருவில் ஒரு மளிகைக் கடை. வாரத்தில் ஒரு காலை அங்கே அரிசி மூட்டை ஓரமாக நின்று, காதில் விழுவதை நோட்டில் அப்படியே எழுதுவேன். ‘அந்தப் பச்சைக் கவர் குடுங்க.’ ‘ரெண்டு ரூபா சரத்துல நாலு கிழிங்கண்ணா.’ ‘போன தடவ குடுத்தீங்களே, அது வேணாம்.’

இந்த மூன்றாவது வாக்கியத்துக்காகத்தான் போகிறேன். கம்பெனியிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டருக்கு எவ்வளவு போனது என்று ஆபீஸ் ரிப்போர்ட் சொல்லும். ‘அது வேணாம்’ என்ற பேச்சு அதில் ஏறச் சில மாதம் ஆகும். பச்சைக் கவருக்கும் கதை உண்டு. காசை உள்ளங்கையில் பொத்திக்கொண்டு வரும் குழந்தை நிறத்தைத்தான் அடையாளம் சொல்லும். ‘புதுசா இருக்கட்டும்’ என்று யாராவது கவர் நிறத்தை மாற்றக் கிளம்பினால், அந்தக் குழந்தைக்காக மீட்டிங்கில் சண்டை போடுவேன்.

உங்கள் வீட்டில் மாற்றவே முடியாத பிராண்டு?
வாசகி, மூலக்கடை

மாமியாரின் கோபால் பல்பொடி. கடையில் இல்லையென்றால் அடுத்த தெருவுக்கு ஆள் அனுப்புவார்.

2023 டிசம்பரில் எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் படிந்து எங்கள் படகும் வலையும் பாழாயின. ஆனால் விளம்பரங்களில் ஆலைகள் பச்சை இலை போடுகின்றன. உங்கள் தொழிலுக்கு இதில் பொறுப்பு இல்லையா?
மீனவர் குடும்பத்து வாசகி, எண்ணூர்

இருக்கிறது. மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு பக்கிங்ஹாம் கால்வாய் வழியாக வந்த எண்ணெய் அது. கூழைக்கடாக்களின் இறகு கறுத்துப் போனதையும், உங்கள் ஆட்களே பக்கெட்டால் எண்ணெயை அள்ளியதையும் ஊரே பார்த்தது. விளம்பரத்தில் பச்சை இலையை வைப்பது என்னைப் போல மார்க்கெட்டிங்கில் இருப்பவர்கள்தான். எவ்வளவு குறைந்தது, எந்த ஆண்டோடு ஒப்பிட்டு, யார் அளந்தார்கள் என்று கேட்டுப் பதில் வராத வாசகத்தை நான் எழுதுவதில்லை. என் டீமிலும் எழுத விடுவதில்லை.

மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 அக்டோபரில் இதற்கென்றே வழிகாட்டு நெறிகள் வெளியிட்டிருக்கிறது. ‘சுற்றுச்சூழலுக்கு உகந்தது’ என்று சொன்னால் ஆதாரம் காட்டியாக வேண்டும். அப்படியொரு விளம்பரம் பொய் என்று பட்டால் படம் எடுத்து வையுங்கள். நுகர்வோர் உதவி எண் 1915. இதனால் உங்கள் வலை திரும்பி வராது என்று தெரியும். ஆனாலும் புகார் எழுத்தில் பதிவாக வேண்டும்.

வீட்டுக்கு நேரம் ஒதுக்குவது எப்படி? எனக்கும் கணவருக்கும் தினம் இதே சண்டை.
வாசகி, மாதவரம்

என் கணவருக்குத் துறைமுகத்தில் ஷிப்ட் வேலை. எங்கள் துறையில் மாதக் கடைசியில் டார்கெட்டுக்காக டிஸ்ட்ரிபியூட்டர் தலையில் சரக்கைத் தள்ளுவார்கள். எனக்குப் பிடிக்காத வழக்கம், இன்னும் ஒழியவில்லை. அந்த நாட்களில் வீடு திரும்ப ராத்திரி பத்தாகும். அதனால் சமையலறைக் காலண்டரில் அவர் நைட் ஷிப்டையும் என் மாதக் கடைசியையும் முன்கூட்டியே குறித்துவிடுகிறோம். எந்த ராத்திரி தோசை மாவு மட்டும்தான் என்பது மகளுக்கும் தெரியும். முதல் வாரத்தில் ஒருநாள் லீவு போடுவேன். அதை யாருக்காகவும் தள்ளிவைப்பதில்லை. ஞாயிறு விடியற்காலை இருவரும் காசிமேடு போவோம். வஞ்சிரம் கட்டுப்படியாகாத வாரம் நெத்திலி. போன் வீட்டிலேயே இருக்கும்.

புளியந்தோப்பு என்ற முகவரியைப் பார்த்ததும் நேர்காணலில் முகம் மாறுகிறது. தி.நகர் உறவினர் வீட்டு முகவரியைப் போடச் சொல்கிறார்கள். போடட்டுமா?
எம்.பி.ஏ. முடித்தவர், புளியந்தோப்பு

வேண்டாம் தம்பி. வேலை கிடைத்த பிறகு முகவரியைச் சரிபார்க்க ஆள் வருவார்; பொய் என்று தெரிந்தால் வேலையும் போகும், பெயரும் போகும். ‘அந்த ஏரியாவுக்கு ராத்திரியில எப்படித் திரும்புவீங்க?’ என்று என்னையும் கேட்டிருக்கிறார்கள். அந்த வேலை எனக்குக் கிடைக்கவில்லை. அந்தக் கேள்வி எவ்வளவு வலிக்கும் என்று தெரிந்துதான் சொல்கிறேன்.

சினிமாவில் நம் வடசென்னையைக் கத்தியோடு காட்டியே பழக்கிவிட்டார்கள். தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856-ல் ராயபுரத்திலிருந்து கிளம்பியது. ஊருக்குப் பெட்ரோல் மணலியில் சுத்திகரித்துப் போகிறது. பர்மாவிலிருந்து வெறுங்கையோடு திரும்பியவர்கள் அத்தோ என்ற பர்மிய நூடுல்ஸை இந்த நகரத்துக்கே பழக்கினார்கள். நேர்காணலில் இதையெல்லாம் ஒப்பிக்க வேண்டாம். அத்தோ கடை ஒன்றின் ஒரு வார வரவு செலவை, கடைக்காரரிடம் கேட்டுக்கொண்டு, உட்கார்ந்து கணக்கெடுங்கள். எந்த நேரத்தில் யார் வருகிறார்கள், மறுபடி வருபவர் எத்தனை பேர் என்று ஒரு பக்கத்தில் எழுதி ரெஸ்யூமோடு வையுங்கள். முகவரிக்கு மேல் பேச்சு நகர அது ஒரு வழி. அடுத்த நேர்காணல் தேதி தெரிந்ததும் இதழுக்கு எழுதுங்கள். முந்தைய சனிக்கிழமை உட்கார்ந்து பழகிப் பார்த்துவிடலாம்.