இதயத்தின் மேல் அமைந்த மார்புப் பகுதிக்கு உடற்கூறியலில் என்ன பெயர்? நெஞ்சுக்குழி என்பது அதுதானா?

அப்பகுதியின் பெயர் பிரிகார்டியம். இலத்தீன் மொழியில் 'பிரே' என்றால் முன், 'கோர்' என்றால் இதயம். ஆகவே தமிழில் 'இதய முன்பகுதி' என்பது பொருந்தும் என்று கருதுகிறேன். அது ஓர் உறுப்பு அன்று. மார்பெலும்பின் கீழ்ப்பாதியிலிருந்து இடப்புறமாக விரியும் மார்புச் சுவரின் பரப்பையே அப்படி அழைக்கிறார்கள்.

ஈரோட்டுப் பக்கம் ஒரு மருத்துவமனையில் இசிஜி எடுக்கும் பணியில் இருப்பதால், அந்தப் பரப்பை நாள்தோறும் விரலால் அளந்து பழகியவள் நான். மார்பெலும்பின் மேற்பகுதியில் குறுக்காக ஒரு மேடு தட்டுப்படும். அதையொட்டி இருப்பது இரண்டாவது விலா. அங்கிருந்து எண்ணிக்கொண்டே இறங்கினால், நான்காவது விலா இடைவெளியில் மார்பெலும்பின் வலப்பக்கம் வி1 என்னும் மின்முனை, இடப்பக்கம் வி2. ஐந்தாவது இடைவெளியில் காறையெலும்பின் நடுவுக்கு நேர்கீழே வி4. வி2-க்கும் வி4-க்கும் இடையில் வி3. வி4 மட்டத்திலேயே அக்குளை நோக்கி வி5, வி6. இந்த ஆறும் தரும் பதிவுகளைப் பிரிகார்டியல் லீடுகள் என்றே சொல்கிறோம். இயல்பான இதயத்தின் முனைத் துடிப்பும் பெரும்பாலும் வி4 வைக்கும் இடத்தருகில்தான் கைக்குத் தட்டுப்படும். வி1, வி2 இரண்டையும் ஓர் இடைவெளி மேலே வைத்துவிட்டால், இல்லாத கோளாறு இருப்பதுபோல் பதிவு காட்டிவிடக்கூடும் என்பதால், எவ்வளவு கூட்டமிருந்தாலும் நான் எண்ணாமல் வைப்பதில்லை.

நெஞ்சுக்குழி இதுவன்று. அது மார்பெலும்பு முடியும் இடத்துக்குக் கீழே உள்ள பள்ளம். மருத்துவத்தில் அது மேல்வயிற்றைச் சேர்ந்தது. ஆனால் பெயர் வேறு என்பதற்காக இதயத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை என்று எண்ணிவிட வேண்டாம். மஞ்சள் காட்டிலிருந்து நேரே வந்த பெரியவர் ஒருவர், "வெடியாலிருந்து நெஞ்சுக்குழிக்குள்ள திருகுது கண்ணு, தின்னது செரிக்கிலியாட்ட இருக்குது" என்று உள்ளங்கையை அங்கேயே அழுத்திக்கொண்டு படுத்தார். மார்பின் இடப்புறத்தில் வலியே இல்லை என்றார். தாளில், இதயத்தைக் கீழ்ப்புறமிருந்து காட்டும் இரண்டாவது, மூன்றாவது, ஏவிஎஃப் லீடுகளில் கோடு மேலெழும்பியிருந்தது; இதயத்தின் கீழ்ச்சுவருக்கு இரத்தம் தரும் குழாயில் அடைப்பு. அவ்வகை மாரடைப்பில் வலி மேல்வயிற்றில் தோன்றுவது உண்டு. தாளைக் கிழித்தெடுத்துக்கொண்டு மருத்துவரிடம் ஓடினேன்.

அன்று முதல் சீட்டில் 'நெஞ்சு வலி' என்று மட்டும் எழுதுவதை விட்டுவிட்டு, நோயாளியின் கை எங்கே இருந்தது என்பதையும் சேர்த்தே எழுதுகிறேன்.