வாடைக்காலத்தில் அப்பா சோம்பேறியாகவா இருந்தார்?

கேள்வி:

அன்புள்ள அக்கா, எனக்கு வயது 31. திருக்கடலூரில் அம்மாவுடனும் உயர்தரம் படிக்கும் தம்பியுடனும் இருக்கிறேன். அதிகாலை 4 மணி முதல் நண்பகல் 12 மணி வரை மெல்பேர்னில் உள்ள ஒரு நிறுவனத்துக்கு வீட்டிலிருந்தபடியே கணக்கு வேலை செய்கிறேன். 2022இல் விலைவாசி ஏறிக் கடனும் கழுத்தை நெரித்தபோது, பிற்பகல் 2 மணி முதல் இரவு 8 மணி வரை லண்டனில் உள்ள இன்னொரு நிறுவனத்தின் வேலையையும் எடுத்தேன். சனிக்கிழமையும் இப்படியேதான். மெல்பேர்னிலிருந்து பிற்பகலிலும் செய்திகள் வந்துகொண்டிருக்கும். கடன் போன ஆடியோடு தீர்ந்துவிட்டது. ஆனாலும் என்னால் நிறுத்த முடியவில்லை. படுத்தால் நித்திரை இல்லை. நெஞ்சு படபடக்கிறது, காரணமில்லாமல் அழுகை வருகிறது.

இடையில் கிடைக்கும் நேரத்தில் ஜப்பானின் நூறு வயதுக் கிழவர், பின்லாந்தின் மகிழ்ச்சி, வேலையை விட்டு உலகம் சுற்றப் போனவர்கள் என்று கதை கதையாக வாசிக்கிறேன். வாசிக்கும்போது உற்சாகமாக இருக்கிறது. மூடி வைத்ததும் என்மீதே வெறுப்பு வருகிறது. சிவராத்திரிக்குப் பிறகு கோணேசர் நகர்வலம் எங்கள் வாசலுக்கு வந்தபோது அம்மா நிறைகுடம் வைத்துத் தனியே நின்றார். நான் வேலைக்கான ஹெட்போனை மாட்டிக்கொண்டு உள்ளே இருந்தேன். மேளம்கூடக் கேட்கவில்லை. கரைவலை இழுத்த என் அப்பா உயிரோடு இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார்? எல்லாவற்றையும் விட்டுவிடட்டுமா? அல்லது நான்தான் உழைக்கத் தெரியாத சோம்பேறியா?

– திருக்கடலூர் வாசகி

பதில்:

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் கடிதத்தை வாசித்ததும் ஒரு காகிதத்தில் கூட்டிப் பார்த்தேன். எட்டும் ஆறும் பதினான்கு. ஆறு நாட்களுக்கு 84 மணித்தியாலம். கணக்கையே தொழிலாகக் கொண்ட நீங்கள் இந்தக் கூட்டலை மட்டும் கடிதத்தில் எங்கும் செய்யவில்லை. உலக சுகாதார நிறுவனமும் சர்வதேச தொழிலாளர் அமைப்பும் சேர்ந்து 2021இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. வாரம் 55 மணித்தியாலமோ அதற்கு மேலோ வேலை செய்பவர்களுக்கு, 35 முதல் 40 மணித்தியாலம் வேலை செய்பவர்களைவிடப் பக்கவாதம் வரும் ஆபத்து 35 சதவீதம் கூடுதல் என்கிறது அது. நீங்கள் அந்த 55ஐயும் தாண்டி இன்னும் 29 மணித்தியாலம் போயிருக்கிறீர்கள். சோம்பேறி என்ற சொல்லை இனி உங்களைப் பற்றிச் சொல்லாதீர்கள். எனக்கு அது வாசிக்கவே வலித்தது.

மற்றதெல்லாம் பிறகு. முதலில் இந்த வாரமே ஒரு வைத்தியரைப் பாருங்கள். நெஞ்சுப் படபடப்பையும் நித்திரையின்மையையும் அழுகையையும் ஒன்றும் விடாமல் சொல்லுங்கள். திருகோணமலைப் பொது வைத்தியசாலைக்குக் காலையில் போனால் பார்த்துவிடலாம். இரவில் மனம் தாங்காமல் போகும் நேரத்தில் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள்.

இனிக் கதைகளுக்கு வருகிறேன். நீங்கள் வாசிக்கும் அந்தக் கதைகளை நானும் விரும்பி வாசிப்பவள். அவற்றில் பொய் இல்லை. ஆனால் ஒரு கதை ஊர்விட்டு ஊர் வரும்போது ஆளின் சிரிப்பு மட்டும் கப்பலேறுகிறது. அந்தச் சிரிப்பைக் காப்பாற்றிய ஊர்க் கட்டுப்பாடு அங்கேயே கரையில் நின்றுவிடுகிறது. ஜப்பானையே எடுத்துக்கொள்ளுங்கள். வாழ்வதற்கான பிடிப்பை ‘இக்கிகாய்’ என்று சொல்லும் அதே மொழியில் ‘கரோஷி’ என்றும் ஒரு சொல் உண்டு. அளவுமீறிய வேலையால் வரும் சாவு என்று பொருள். அந்தச் சாவைத் தடுப்பதற்கென்றே 2014இல் அந்நாட்டு நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்ற வேண்டியிருந்தது. அதற்காக ஆண்டுக்கணக்கில் அலைந்தவர்கள் கணவனையும் பிள்ளையையும் பறிகொடுத்த குடும்பத்தவர்கள். நூறு வயதுக் கிழவரின் கதையோடு இதையும் சேர்த்து வாசித்திருந்தால், கதையை மூடியதும் உங்கள்மீது வெறுப்பு வந்திருக்காது என்று நினைக்கிறேன்.

உங்களுக்குச் சொல்ல எனக்கு ஆசையாக இருப்பது தென்கொரியாவின் ஜேஜு தீவுப் பெண்களைப் பற்றித்தான். கடலோரத்தில் பிறந்த உங்களுக்கு அவர்களை உடனே விளங்கும். ‘ஹேன்யோ’ என்று அவர்களுக்குப் பெயர், கடற்பெண்கள். ஒட்சிசன் சிலிண்டர் இல்லாமல், மூச்சை அடக்கி, 10 மீட்டர் ஆழம் வரை இறங்கி, பாறையில் ஒட்டிக் கிடக்கும் அபலோன் என்னும் கடல்நத்தையைப் பெயர்த்து எடுத்து வருகிறார்கள். எண்பது வயதைக் கடந்தவர்கள்கூட இறங்குகிறார்கள். ஒருமுறை இறங்கினால் ஏறத்தாழ ஒரு நிமிடம். மேலே வந்ததும் அடக்கிய மூச்சைச் சீழ்க்கைபோல விடுவார்கள். அந்த ஒலிக்கே தனிப்பெயர் இருக்கிறது. 2016இல் யுனெஸ்கோ இவர்களின் வழக்கத்தை மனித குலத்தின் மரபுச் செல்வங்களில் ஒன்றாகச் சேர்த்தது.

அவர்களுடைய பேச்சில் ‘நீர்மூச்சு’ என்று பொருள்படும் ஒரு சொல் உண்டு. மூச்சு முடியப்போகும் வேளையில் பாறையிடுக்கில் பெரிய நத்தை ஒன்று கண்ணில் படும். இன்னும் ஒரு நொடி இருந்தால் எடுத்துவிடலாம். அந்த நொடியில் மார்புக்குள் போவது காற்றாக இருக்காது. அதுதான் நீர்மூச்சு. உன் மூச்சு எவ்வளவோ அவ்வளவே எடு என்று புதிதாக இறங்கும் பெண்ணுக்கு மூத்தவர்கள் ஓயாமல் சொல்லிக்கொண்டிருப்பார்கள். கடன் தீர்ந்த பிறகும் நீங்கள் பிடித்துக்கொண்டிருக்கும் லண்டன் வேலை அந்த இன்னும் ஒரு நொடிதான்.

இதையும் கேளுங்கள். அந்தப் பெண்களில் ஒவ்வொருத்தியும் தன் மன உறுதியால்தான் மூச்சை அளந்து இறங்குகிறாள் என்று எண்ணிவிடாதீர்கள். தனியாக யாரும் இறங்குவதில்லை. எந்தப் பருவத்தில் எதைத் தொடக்கூடாது என்பதை ஊர்ச் சங்கம் முடிவு செய்கிறது. வருடத்தில் அவர்கள் கடலில் இறங்குவது ஏறத்தாழ 90 நாட்கள். கரையில் கல்லை வட்டமாக அடுக்கிய சுவருக்குள் நெருப்பு மூட்டிக் குளிர்காய்வது அவர்களின் பழைய வழக்கம். உடை மாற்றுவதும் பிணக்குத் தீர்ப்பதும் இளையவளுக்குத் தொழில் சொல்லிக்கொடுப்பதும் அந்த வட்டத்துக்குள்தான். மூப்படைந்தவர்களுக்கென்று ஆழம் குறைந்த கடலை மற்றவர்கள் விட்டுக்கொடுப்பார்கள். அவர்களின் வாழ்க்கை சொர்க்கம் என்று நான் சொல்லமாட்டேன். தலைவலி மாத்திரையை விழுங்கிவிட்டு இறங்குபவர்கள் இருக்கிறார்கள். மகளாவது இந்தத் தண்ணீருக்கு வரக்கூடாது என்று பாடுபட்டுப் படிக்கவைத்தவர்கள் இருக்கிறார்கள். ஆனால் இனிப் போதும், கரைக்கு வா என்று சொல்ல அங்கே பக்கத்தில் ஒருத்தி இருக்கிறாள். உங்கள் அறையில் யார் இருக்கிறார்கள்?

அப்பாவைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அவரை நான் அறியேன், கரைவலையை அறிவேன். கயிற்றின் இரு பக்கமும் ஆட்கள் வரிசையாக நிற்க, ஒருவர் அம்பாப் பாட்டை எடுத்துக் கொடுப்பார். மற்றவர்கள் ஏற்றுப் பாடி, அடிமேல் அடி வைத்து இழுப்பார்கள். பாட்டை முந்திக்கொண்டு ஒருவரும் இழுப்பதில்லை. கார்த்திகையில் வாடை எழுந்துவிட்டால் கடல் கறுத்துப் புரளும். அது அடங்கும் வரை வள்ளம் கரையில் கிடக்கும். ஆட்கள் வலை பொத்துவார்கள், கூரை வேய்வார்கள், கோயில் வேலைக்குப் போவார்கள், பிள்ளையை மடியில் வைத்துக் கதை சொல்லுவார்கள். அந்த மாதங்களில் உங்கள் அப்பாவை யாராவது சோம்பேறி என்று சொன்னதாக நினைவிருக்கிறதா? இருக்காது. ஊர் முழுவதும் சேர்ந்து ஓய்ந்திருந்தது. கடல் மூடியிருந்தது, அவ்வளவுதான். அதே மாதங்களில் அம்மாவின் சங்கிலி அடகுக்குப் போயும் இருக்கலாம். அதை மறைத்து அந்தக் காலத்தைப் பொற்காலமாக்க எனக்கு மனமில்லை.

உங்கள் வேலைக்கு வாடைக்காலம் இல்லை. மெல்பேர்னில் பொழுது சாயும்போது லண்டனில் விடிகிறது. உங்கள் அப்பாவுக்குக் கடல் செய்து கொடுத்த காரியத்தை உங்களுக்கு மனிதர்கள்தான் செய்து கொடுக்க வேண்டும். மனதைத் திடப்படுத்திக்கொண்டு தனியாகச் செய்துவிடலாம் என்று பார்த்தால் நடக்காது. எனக்கு நடக்கவில்லை. பாடசாலை முடிந்த பிறகு இரவு 9 மணி வரை டியூஷன் வகுப்பு எடுத்த ஆசிரியை நான். நான்கு வருடம். குறைக்க வேண்டும் என்று ஒவ்வொரு தைப்பொங்கலுக்கும் தீர்மானிப்பேன். மாசியில் இன்னொரு வகுப்புக் கூடியிருக்கும். கடைசியில் ஒருநாள் குரல் போய்விட்டது. இரண்டு வாரம் வாய் திறக்கக்கூடாது என்றார் வைத்தியர். அதற்குப் பிறகு மாலை வகுப்புகள் குறைந்தன என்றால், காரணம் என் கணவரும் பக்கத்து வீட்டு மாமியும்தான். வாசலில் நின்று பிள்ளைகளைத் திருப்பி அனுப்பியவர்கள் அவர்கள்.

மெல்பேர்ன் என்று நீங்கள் எழுதியிருந்ததைப் பார்த்ததும் எனக்கு ஒன்று நினைவுக்கு வந்தது. 1856 ஏப்ரல் 21ஆம் திகதி, அதே நகரத்தில் பல்கலைக்கழகக் கட்டடத்தில் வேலை செய்துகொண்டிருந்த கல்தச்சர்கள் உளியைக் கீழே வைத்துவிட்டு, நாடாளுமன்றக் கட்டடத்தை நோக்கி ஊர்வலமாக நடந்தார்கள். எட்டு மணித்தியாலம் வேலை, எட்டு மணித்தியாலம் தமக்கான நேரம், எட்டு மணித்தியாலம் ஓய்வு. சம்பளம் குறையாமல் அதை வென்றார்கள். அந்த மூன்று எட்டுகளையும் உச்சியில் தாங்கிய நினைவுத்தூண் இன்றும் அங்கே நிற்கிறது. அதே நாட்டில் 2024 ஆகஸ்ட் 26 முதல், வேலை நேரத்துக்குப் பிறகு வரும் அழைப்புக்கும் செய்திக்கும் பதிலளிக்காமல் இருக்கும் உரிமை ஊழியர்களுக்குச் சட்டமாகவே கிடைத்திருக்கிறது. திருகோணமலையில் ஒப்பந்தத்துக்கு வேலை செய்யும் உங்களுக்கு அந்தச் சட்டம் வந்து கைகொடுக்காது. ஆனால் உங்களுக்குச் செய்தி அனுப்பும் அந்த மேலாளர் அதன் நிழலில்தான் வீட்டுக்குப் போகிறார். நண்பகலுக்குப் பின் வரும் செய்திகளை மறுநாள் அதிகாலை 4 மணிக்குத்தான் பார்ப்பேன் என்று நீங்கள் எழுதினால், அது என்ன புது வழக்கம் என்று அவர் கேட்கமாட்டார். மன்னிப்புக் கேட்டு நீட்டி எழுதாதீர்கள். இரண்டு வரி போதும்.

மெல்பேர்ன் வேலையை விடவேண்டாம். லண்டன் வேலையை விடுங்கள். ஒரு மாத அறிவித்தல் கொடுத்து, கணக்குகளை ஒழுங்காக ஒப்படைத்துவிட்டு வெளியேறுங்கள். கடன் தீர்ந்த பிறகு அந்தப் பணம் எங்கே போகிறது என்று நீங்கள் எழுதவில்லை. தம்பியின் படிப்புக்கா, இன்னொரு 2022 வந்துவிடும் என்ற பயத்துக்கா? பயத்துக்குத்தான் என்றால் அதை நான் குறைத்துப் பேசமாட்டேன்; எரிவாயுவுக்கும் பெற்றோலுக்கும் வரிசையில் நின்ற யாருக்கும் அந்தப் பயம் இலகுவில் போகாது. வரவு செலவை அம்மாவுக்கும் தம்பிக்கும் முன்னால் விரித்து வையுங்கள். அந்த 84ஐயும் அதில் எழுதிக் காட்டுங்கள். லண்டன் பணம் இல்லாமல் எதைக் குறைக்கலாம், அவசரத்துக்கு மாதம் எவ்வளவு ஒதுக்கலாம் என்று மூவருமாக முடிவெடுங்கள். இவ்வளவு நாளும் வீட்டுக்காக மூச்சடக்கி இருந்தீர்கள். வீட்டுக்கு அது தெரியுமா என்பதே எனக்குச் சந்தேகம்.

இன்னொன்று. நீண்ட கடிதம் எழுதியிருக்கிறீர்கள். ஒரு சிநேகிதியின் பெயர்கூட அதில் இல்லை. சிம்பாப்வே நாட்டில் டிக்சன் சிபாண்டா என்றொரு மனநல வைத்தியர் இருக்கிறார். அவரிடம் சிகிச்சை பெற்ற ஓர் இளம்பெண், பஸ்ஸுக்குக் காசில்லாததால் வைத்தியசாலைக்கு வரமுடியாமல் உயிரை மாய்த்துக்கொண்டாள். அந்தத் துயரத்துக்குப் பின், 2006இல், தலைநகர் ஹராரேயில் 14 பாட்டிமாருக்குப் பயிற்சி கொடுத்து, சுகாதார நிலையங்களின் வெளியே மரவாங்கில் உட்காரவைத்தார். மனம் நொந்தவர்கள் வந்து பக்கத்தில் அமர்ந்து பேசலாம். மனநல வாங்கு என்று பெயர் வைத்தால் ஒருவரும் வரமாட்டார்கள் என்று அந்தப் பாட்டிமார்தான் சொன்னார்கள். அது நட்பு வாங்கு ஆயிற்று. மனச்சோர்வு என்ற மருத்துவச் சொல்லையும் அவர்கள் பாவிப்பதில்லை. அளவுக்கு மீறி யோசிப்பது என்று பொருள்படும் தங்கள் ஷோனா மொழிச் சொல்லைத்தான் சொல்கிறார்கள். யோசனை கூடிவிட்டது என்று நம் வீடுகளில் சொல்வதைப்போலவே. வாங்கில் அமர்ந்து பேசியவர்களின் மனச்சோர்வு நன்றாகக் குறைந்ததை 2016இல் வெளியான மருத்துவ ஆய்வு காட்டியது.

உங்களைப்போல வீட்டு அறைக்குள் இருந்து வெளிநாட்டுக்கு வேலை செய்யும் பெண்பிள்ளைகள், எனக்குத் தெரிந்தே, நம் நகரத்தில் ஐந்தாறு பேர் இருக்கிறார்கள். ஒருவரை ஒருவர் அறியாமல், ஒரே நேரத்தில் விழித்திருக்கிறார்கள். நாடெங்கும் விடுமுறையான போயா என்னும் முழுநிலா தினத்திலும் கணினிக்கு முன்னால்தான். நீங்கள் சம்மதித்தால் அவர்களுக்கு உங்களை அறிமுகப்படுத்துகிறேன். மாதத்தில் ஒரு போயா மாலையில் கடற்கரையில் கூடுங்கள். யார் எத்தனை மணித்தியாலம் வேலை செய்தீர்கள் என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். கூடிப்போனவளை மற்றவர்கள் கண்டியுங்கள். கடலைச் சுண்டலுக்கு முதல்முறை நான் காசு தருகிறேன்.

அடுத்த சிவராத்திரி மாசியில் வருகிறது. நகர்வலம் உங்கள் வீதிக்கு எந்த நாளில் வரும் என்று கோயிலில் கேட்டு வையுங்கள். அன்றும் மறுநாளும் விடுமுறை வேண்டும் என்று மெல்பேர்னுக்கு முற்கூட்டியே எழுதிவிடுங்கள். நிறைகுடத்துக்கு மாவிலை பறிக்கும் வேலை இந்த முறை உங்களுடையது என்று அம்மாவிடமும் சொல்லிவிடுங்கள்.

அன்புடன்,
அக்கா