துளை போடும் முன் காங்கிரீட்டுக்குள் பார்ப்பது: ஜிபிஆர் கேள்வி பதில்

குழாய்க்கும் கேபிளுக்கும் ஸ்லாபைத் துளைக்கப் போகிறவர்கள் ஜிபிஆர் (GPR, ரேடியோ அலையால் காங்கிரீட்டுக்குள் இருப்பதைத் தேடும் ரேடார்) ஸ்கேன் பற்றி அனுப்பிய கேள்விகளுக்குப் பதில் இது. ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

ஸ்கேன் எடுத்தால் கம்பி எல்லாம் எக்ஸ்ரே மாதிரி அப்படியே தெரியுமா?

தெரியாது. ரேடியோ அலையை உள்ளே அனுப்பி, அது எதிலாவது பட்டுத் திரும்ப எத்தனை நானோ செகண்ட் ஆகிறது என்று பார்க்கும் கருவி இது. கம்பிக்குக் குறுக்கே உருட்டும்போது, கம்பிக்கு நேர் மேலே வருவதற்கு முன்பே அலை சாய்வாகப் போய் அதைத் தொட்டுவிடும். போகும் தூரம் அதிகம் என்பதால் திரையில் ஆழத்தில் தெரியும். கிட்டே போகப் போக மேலே ஏறும், தாண்டியதும் மறுபடி இறங்கும். கடைசியில் கவிழ்த்த கிண்ணம் மாதிரி ஒரு வளைவு கிடைக்கும். அதன் உச்சி இருக்கும் இடத்தில்தான் கம்பி. வளைவு அகலமாக இருக்கிறது, அதனால் கம்பி தடிமன் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். கம்பியின் விட்டத்தை இதில் நம்பிக்கையாக அளக்க முடியாது.

கம்பிக்கு இணையாக உருட்டினால் வளைவே விழாது, நீளப் பட்டையாகத்தான் வரும். அதனால் நீளம், அகலம் இரண்டு திசையிலும் கட்டம் போட்டு ஓட்டச் சொல்லுங்கள். ஒரே திசையில் நாலு கோடு ஓட்டிவிட்டு 'முடிந்தது' என்பவருக்குப் பாதி வேலைதான் முடிந்திருக்கிறது.

கருவி 12 செ.மீ. ஆழத்தில் கம்பி என்கிறது. 10 செ.மீ. வரை தைரியமாகத் துளைக்கலாமா?

வேண்டாம். கருவிக்குத் தெரிந்தது நேரம் மட்டுமே. அதை ஆழமாக மாற்ற, காங்கிரீட்டுக்குள் அலையின் வேகம் என்ன என்று நாம் சொல்ல வேண்டும். உலர்ந்த காங்கிரீட்டில் அலை ஒரு நானோ செகண்டில் சுமார் 12 செ.மீ. போகும், ஈரம் ஏறியதில் 10 செ.மீ.க்கும் கீழே இறங்கிவிடும். உலர்ந்த ஸ்லாபுக்கான வேகத்தைக் கருவியில் வைத்து ஈர ஸ்லாபை ஸ்கேன் செய்தால், உண்மையில் 10 செ.மீ.யில் இருக்கும் கம்பி 12 என்று தெரியும். அதாவது கம்பி நீங்கள் நினைப்பதைவிட மேலே இருக்கும். வேகத்தை வளைவின் வடிவத்தோடு பொருத்தியோ, ஏற்கெனவே ஆழம் தெரிந்த ஒரு கம்பியை வைத்தோ சரிபார்த்தாரா என்று ஆபரேட்டரிடம் கேளுங்கள். புதிதாகப் போட்ட காங்கிரீட் என்றால் இன்னும் மோசம்: ஈரம் அலையை விழுங்கிவிடும். சில வாரம் பொறுக்க முடிந்தால் பொறுங்கள்.

போஸ்ட் டென்ஷன் கேபிளை இதில் கண்டுபிடிக்க முடியுமா?

முடியும். காங்கிரீட் கெட்டியான பிறகு இழுத்து இறுக்கிக் கட்டிய எஃகு இழைகள்தான் இந்தக் கேபிள். ஜிபிஆரை நான் கட்டாயம் என்று சொல்வதற்கு முதல் காரணமே இதுதான். சாதாரணக் கம்பி அறுந்தால் ஸ்லாபின் பலம் கொஞ்சம் குறையும், இன்ஜினியரைக் கூப்பிட்டுப் பேசலாம். போஸ்ட் டென்ஷன் கேபிளில் ஒவ்வொரு இழையும் பத்து டன்னுக்கு மேல் இழுபட்டு நிற்கிறது. அறுந்தால் காங்கிரீட்டைப் பிய்த்துக்கொண்டு வெளியே பாயலாம், ஆள் செத்துப் போகலாம்.

பிரச்சினை என்னவென்றால், குறுக்கே ஒரு கோடு மட்டும் ஓட்டினால் கேபிளும் கம்பி மாதிரியே வளைவாகத் தெரியும். அடையாளம் அதன் போக்கில் இருக்கிறது. கம்பி பெரும்பாலும் ஒரே ஆழத்தில் போகும். கேபிள் தூண், பீம் மேலே உயர்ந்து, நடு ஸ்பானில் (இரண்டு தூண்களுக்கு நடுவே) தாழ்ந்து போகும். அதனால் அதன் வழியே அடுத்தடுத்துப் பல குறுக்குக் கோடுகள் ஓட்டி, ஆழம் மெல்ல மாறுகிறதா என்று பார்க்க வேண்டும். நடு ஸ்பானில் அளந்த ஆழத்தைத் தூண் பக்கத்தில் பயன்படுத்தினால் தொலைந்தோம்.

ஸ்கேன் செய்தவர் 'இங்கே ஒன்றுமில்லை' என்று எழுதிக் கொடுத்தார். போதுமா?

ஒன்றும் தெரியவில்லை என்பதுதான் அதற்கு அர்த்தம். மேல் வரிசைக் கம்பி நெருக்கமாக இருந்தால் அதற்கு நேர் கீழே இருப்பது மறைந்துவிடும். பிளாஸ்டிக் கான்டூயிட்டில் (வயர் போகும் குழாய்) பட்டுத் திரும்பும் அலை மிகப் பலவீனம்; கம்பிகளிலிருந்து திரும்பும் வலுவான அலைகளுக்கு நடுவே காணாமல் போகும். இரும்பு டெக் ஷீட்டுக்கு (ஸ்லாபுக்கு அடியில் விரித்த இரும்புத் தகடு) கீழே எதையும் பார்க்க முடியாது. எந்த ஆழம் வரை தெளிவாகத் தெரிந்தது என்று அறிக்கையில் எழுதச் சொல்லுங்கள். அந்த ஒரு வரி இல்லாத அறிக்கையை நான் வாங்க மாட்டேன்.

கான்டூயிட் வயரில் கரண்ட் இருக்கிறதா என்று சொல்லுமா?

சில கருவிகளில் அதற்குத் தனி சென்சார் உண்டு. வயரில் கரண்ட் ஓடினால்தான் அது பிடிக்கும். லைட்டை அணைத்துவிட்டு ஸ்கேன் செய்தால் பிடிக்காது. ஆகவே ஸ்கேன் செய்யும்போது லைட், ஃபேன் எல்லாம் ஓட விடுங்கள், துளைக்கும்போது மெயினை அணையுங்கள்.

கதிர்வீச்சு ஆபத்து?

இல்லை. எக்ஸ்ரே மாதிரி ஆட்களை வெளியேற்றத் தேவையில்லை, ஸ்லாபுக்கு அடியில் பிலிம் வைக்கவும் வேண்டாம்.

டைல்ஸ் மேலேயே ஸ்கேன் செய்யலாமா?

செய்யலாம், டைல் கனத்தையும் ஆழத்தில் சேர்த்துக் கணக்குப் போட்டால் சரி. டைலுக்குக் கீழே கம்பி வலையோ ஃபாயிலோ இருந்தால் மட்டும் டைலைப் பெயர்த்துவிட்டுத்தான் பார்க்க முடியும்.